சோக்கும் ஸ்டெப்னியும்: பழைய கார்களைக் குறித்த ஏக்கம் எதை மறக்கிறது?

2003 அக்டோபர் 29 அன்று மும்பையின் தார்தேவ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு பிரீமியர் பத்மினி டாக்சியாகப் பதிவு பெற்றது. அந்நகரில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி அதுவே. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு என்பதால், 2023 அக்டோபர் 30 முதல் கறுப்பும் மஞ்சளுமான அந்த வண்டி மும்பைச் சாலைகளில் சட்டப்படி இல்லாததாயிற்று. அதையொட்டிய நாட்களில் இணையமெங்கும் இரங்கற்குறிப்புகள் நிறைந்தன. 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாடா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றபோதும் இப்படித்தான் நிகழ்ந்தது. இவ்விரு இரங்கல்களையும் சேர்த்து வாசிப்பவருக்கு ஒன்று புலப்படும். துக்கம் வண்டிக்காக மட்டும் அன்று; வண்டியின் உறுப்புகளுக்காகவும்தான். ஸ்டியரிங்கை ஒட்டி நின்ற கை கியர், இழுத்துவிடும் சோக், முன்கதவின் முக்கோணக் கண்ணாடி, மூவர் நெருங்கி அமர்ந்த முன் பெஞ்சு சீட், காலால் மிதித்து விளக்கைத் தாழ்த்தும் டிப்பர், சுழற்றி இறக்கும் ஜன்னல் கைப்பிடி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே நினைவுகூரப்படுகிறது.

ஏக்கம் முதலில் ஒரு நோயின் பெயராகத்தான் உலகுக்கு அறிமுகமாயிற்று. 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில், ஊர் நினைவால் உடல் நலிந்தோரின் நிலையைக் குறிக்க, வீடு திரும்புதல், வலி என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை ஆக்கினார். 2001இல் வெளியான தம் நூலில் ஸ்வெத்லானா பாய்ம் அந்த ஏக்கத்தை இரண்டாகப் பகுத்தார்: இழந்ததை அப்படியே மீட்டெழுப்ப விரும்புவது ஒன்று, இழப்பின் முன் நின்று சிந்திப்பது மற்றொன்று. பண்பாட்டு ஆய்வுகளில் இப்பகுப்பு தேய்ந்துபோகும் அளவுக்குக் கையாளப்பட்டுவிட்டது. இந்தியக் கார் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள அதைவிட எளிய கேள்வி ஒன்று பயன்படும்: நினைவுகூருகிறவர் அந்தக் காரில் எந்த இருக்கையில் அமர்ந்திருந்தார்?

பெரும்பாலும் பின்னிருக்கையில், அல்லது முன் பெஞ்சின் நடுவில், குழந்தையாக. அம்பாசடர் காலத்தில் சொந்தக் கார் என்பது மிகச் சிறுபான்மையினரின் உடைமை. அவர்களிலும் பலரது வண்டியை ஓட்டியவர் சம்பளத்துக்கு வந்த ஓட்டுநர். கழுவித் துடைத்தவர் இன்னொருவர். பழுது நீக்கியவர் வேறொருவர். வண்டியைத் தொட்டு வேலை செய்த கைகளின் நினைவு ஏட்டில் ஏறவில்லை. அதில் அமர்ந்து சென்ற கண்களின் நினைவே இன்று பொது நினைவாக உலவுகிறது. ஓட்டுநர்களே எழுதியிருந்தால் அந்த இரங்கற்குறிப்புகள் வேறு மாதிரி இருந்திருக்கும். கோடைப் பகலில் நெரிசலில் ஊர்ந்தவருக்கு கை கியரும் கனத்த கிளட்சும் கவிதையாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் இன்றும் வண்டி கிளம்ப மறுத்தால் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்கிறார்கள். அந்த ‘செல்ஃப்’ செல்ஃப் ஸ்டார்ட்டரின் சுருக்கம். தானே கிளப்பும் கருவி என்று அதற்குப் பெயர் வரக் காரணம், அதற்கு முன் வண்டியை வேறொருவர் கிளப்ப வேண்டியிருந்தது என்பதே. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912இல் அமெரிக்காவின் கேடிலாக் காரில் வந்துவிட்டது. இந்தியாவிலோ பேட்டரியின் மீதான நம்பிக்கை குறைவாக இருந்ததால், முன்புறம் செருகிச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி அதன்பின் பல பத்தாண்டுகள் நீடித்தது. என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். ஆகவே பெருவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது தொழிலில் கைமாறி வந்த பாடம். அந்தப் பாடத்தைக் கற்றவர்கள் ஓட்டுநர்களும் கிளீனர் பையன்களும். கைப்பிடி மறைந்ததை இழப்பு என்று எழுதுவோர் அதைச் சுழற்றியவர்களிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

சோக்கின் கதை இதைவிடச் சுவையானது. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. சோக் குமிழை இழுத்தால் கார்புரேட்டருக்குள் செல்லும் காற்று குறைந்து, கலவையில் பெட்ரோலின் விகிதம் கூடும், என்ஜின் பற்றிக்கொள்ளும். சூடேற ஏறக் குமிழைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். தள்ள மறந்தால் கரும்புகை, பிளக்கில் கரி, வீணாகும் எரிபொருள். எத்தனை அங்குலம் இழுப்பது, எப்போது தள்ளுவது என்பது வண்டிக்கு வண்டி, பருவத்துக்குப் பருவம் மாறும். மனிதரும் எந்திரமும் ஒருவரையொருவர் அறிந்து பழகிய உறவு அது என்று அதைப் போற்றுவோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆயினும் சோக் தானாக வழக்கொழியவில்லை. டெல்லியின் காற்று மாசு குறித்த எம்.சி. மேத்தா வழக்கில், தலைநகர வட்டாரத்தில் பதிவாகும் புதிய தனியார் கார்கள் 1999 ஜூன் முதல் யூரோ-1, 2000 ஏப்ரல் முதல் யூரோ-2 அளவுகளுக்கு உட்பட வேண்டும் என்று 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை நின்றது. கலவையை ஓட்டுநரின் கைக்கும் காதுக்கும் விட்டுவைக்கும் ஏற்பாடு அந்த அளவுகளை எட்ட முடியாததாகி, உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்த வேலையை ஏற்றன. சோக் போனதற்கான காரணம் டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலில் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

முன் பெஞ்சு சீட்டைக் குறித்தும் அதிகம் பேச வேண்டியதில்லை. ‘எட்டுப் பேர் அடைந்துகொண்டு போனோம்’ என்ற மகிழ்ச்சியின் மறுபக்கம், அந்த எட்டுப் பேருக்கும் இருக்கைப் பட்டை இல்லை என்பது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 16,715 பேர் இருக்கைப் பட்டை அணியாதவர்கள். பட்டை இருந்தும் அணியாத பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வோர் அந்தப் பெஞ்சு சீட்டின் நினைவையும் கணக்கில் எடுக்கலாம்.

முக்கோணக் கண்ணாடியின் நிலை வேறு. அம்பாசடரிலும் பத்மினியிலும் முன்கதவுக் கண்ணாடியின் முன்முனையில் தனிச் சட்டத்தில் ஓர் அச்சில் திரும்பும்படி அது அமைந்திருந்தது. சற்றுத் திருப்பினால் உள்ளிருக்கும் வெப்பக்காற்றை வெளியே இழுக்கும்; முழுவதும் திருப்பினால் ஓடும் வண்டியின் எதிர்க்காற்றை மார்பிலும் முகத்திலும் வீசும். பெரிய கண்ணாடியை ஏற்றிவிட்டு மழையிலும் அதை ஒரு விரற்கடை திறந்து வைக்கலாம். மின்சாரம் வேண்டாம், எரிபொருள் வேண்டாம், ஓசை குறைவு. இதன் குறைகளும் தெரிந்தவையே. ரப்பர் பட்டை காய்ந்து நீர் ஒழுகும், வேகத்தில் சீழ்க்கையடிக்கும், கொக்கியை நெம்பித் திருடர் கையை உள்ளே விடுவார். குளிர்சாதனம் பொதுவானதும், கதவில் ஒரே கண்ணாடி போதும் என்றால் செலவும் காற்றுத் தடையும் குறையும் என்று நிறுவனங்கள் கண்டதும் அதற்கு முடிவு கட்டின. இன்று குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் காது அடைக்கிறது. ஏற்றினால் மூச்சு முட்டுகிறது. வெப்ப நாட்டுக்கு இவ்வளவு பொருந்திய, இவ்வளவு மலிவான ஒரு கருவி, பொறியியல் தோல்வியால் அன்றிச் சந்தையின் ரசனையால் மறைந்தது. ஏக்கத்துக்கு உரிய பொருள் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் இதைச் சுட்டலாம்.

குமிழ்களும் பொத்தான்களும் இதே வரிசையில் வருவன. காலாலேயே டிப்பரைக் கண்டறிந்த ஓட்டுநர் சாலையிலிருந்து பார்வையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய தொடுதிரையில் விரலுக்கு வழிகாட்ட மேடும் பள்ளமும் இல்லை. பார்த்துத்தான் தொட வேண்டும். 2022இல் சுவீடன் நாட்டு மோட்டார் இதழ் ஒன்று நடத்திய சோதனையில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சில எளிய பணிகளைச் செய்து முடிக்க 2005ஆம் ஆண்டின் வால்வோ காரில் 10 வினாடி ஆயிற்று. அதற்குள் வண்டி 306 மீட்டர் சென்றது. தொடுதிரைக் கார்களுள் மிகப் பின்தங்கியதில் அதே பணிகளுக்கு ஏறத்தாழ 45 வினாடி, அதற்குள் 1.3 கிலோமீட்டருக்கும் மேல். ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், திரும்பு விளக்கு, ஹாரன், வைப்பர் முதலியவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய தனிக் கருவிகள் வேண்டும் என்பதை 2026 முதல் தன் மதிப்பெண் முறையில் சேர்த்திருக்கிறது. ‘பழைய பஞ்சாங்கம்’ என்று ஒதுக்கப்பட்ட புலம்பலுக்கு அளவீடு துணை நின்ற அரிய தருணம் இது.

ஸ்டெப்னியையும் இங்கே சொல்ல வேண்டும். சொல்லின் வரலாறே ஒரு சிற்றாய்வுக்குப் போதும். 1900களின் தொடக்கத்தில் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. பிறந்த மண்ணில் சொல் மறைந்துவிட்டது. இந்தியாவில் லாரிப் பட்டறை முதல் கொச்சை வழக்கு வரை வேரூன்றிவிட்டது. ‘டிக்கி’யும் அவ்வாறே: பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பின்புறத்தில் மடித்துத் திறக்கும் கூடுதல் இருக்கைக்கு வழங்கிய பெயர், இருக்கை போன பின்னும் சாமான் அறைக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்டெப்னிக்கும் அந்த நாள் வரக்கூடும். டயர் அழுத்தத்தைக் காட்டும் அமைப்பும் ட்யூப் இல்லாத டயரைச் சரிசெய்யும் பெட்டியும் இருந்தால், ஒன்பது பேர் வரை அமரும் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. மின்கார்களின் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பெட்டி உதவாது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்பதற்கு விடை, உதவி எண்ணை அழைத்துக் காத்திருப்பதே. முன்பு வண்டிக்குள்ளேயே இருந்த தீர்வு இப்போது வெளியே, ஒரு நிறுவனத்தின் சேவையில் இருக்கிறது.

மறைந்த உறுப்புகளின் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று பானெட். அது மறையவில்லையே என்று தோன்றலாம். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு காரின் பானெட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். என்ஜினும் முன்சக்கரங்களும் திறந்து நிற்கும். மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இன்றைய காரின் பானெட்டைத் தூக்கினால் தெரிவது பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் பொறித்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடி. என்ஜின் எண்ணெயின் அளவைப் பார்க்கும் கோல்கூடச் சில உயர்விலைக் கார்களில் இல்லை. திரை சொல்வதை நம்ப வேண்டும். திறந்தாலும் திறவாத பானெட் இது. உண்மையான இழப்பு இங்கேதான் நேர்ந்தது. சோக்கையும் கை கியரையும் பற்றிய ஏக்கப் பெருக்கு இதை மூடி மறைக்கிறது என்பதே அந்த ஏக்கத்தின் மீதான முதன்மையான குற்றச்சாட்டு.

அதற்காகப் பழைய கார்களின் எளிமையைத் தயாரிப்பாளரின் பெருந்தன்மை என்று கொள்வதும் பிழை. 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய அம்பாசடர், அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியானது. போட்டியில்லாத, உரிமமும் ஒதுக்கீடும் கோலோச்சிய சந்தை அதற்கு இடம் கொடுத்தது. மாறாத வண்டியை நாட்டின் எல்லா மெக்கானிக்குகளும் கற்றுக்கொண்டார்கள்; அடிக்கடி பழுதானதால் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வாடிக்கையாளரின் துன்பமும், எந்த ஊரிலும் பழுது நீக்க முடிந்த வசதியும் ஒரே வேரில் கிளைத்தவை. டேவிட் எட்ஜர்டன் தம் ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்டு’ நூலில் தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வரலாறாக அன்றிப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறாக எழுத வேண்டும் என்று வாதிட்டு இரு பத்தாண்டுகள் ஆகப்போகின்றன. அந்த வாதத்துக்கு அம்பாசடரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்த வசதியை மீட்க அந்தச் சந்தையை மீட்க வேண்டியதில்லை. சட்டத்தால் மீட்கலாம்.

சட்டம் முயலாமலும் இல்லை. 2014 ஆகஸ்டு 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்து, சார்பற்ற பட்டறைகளை ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. பின்னர் மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுநீக்கும் உரிமை’க்காக ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டின் இறுதியில் ஓர் இணையவாயிலையும் திறந்தது, வாகனங்கள் அதன் நான்கு துறைகளுள் ஒன்று. இணையவாயில் தகவல் தரும், நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே வாக்கெடுப்பு வழியாக வாகனப் பழுதுநீக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. கம்பியில்லா வழியில் நிறுவனத்துக்குச் செல்லும் வண்டித் தரவுகளையும் 2020இல் அதற்குள் கொண்டுவர வாக்களித்தது. 2014ஆம் ஆண்டின் ஆணை வந்த அதே ஆண்டில்தான் அம்பாசடரும் நின்றது. எழுதப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையில் எது வென்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏக்கத்துக்கு அரசு அளித்த இடமும் கவனிக்கத்தக்கது. 2021இல் திருத்திய விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்ட வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மறுபுறம், டெல்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னாளில் அதில் தளர்வுகள் வந்தன. இரண்டு விதிகளுக்கும் தனித்தனியே காரணம் உண்டு. சேர்த்து வாசித்தால், 15ஆம் ஆண்டில் குப்பையாகும் வண்டி 50ஆம் ஆண்டில் பாரம்பரியமாகிறது. இடையிலுள்ள 35 ஆண்டுகள் அதை ஓட்டாமல் நிறுத்திவைக்க ஷெட்டும் பணமும் உடையவரின் நினைவே பாரம்பரியம் என்னும் தகுதியைப் பெறும். டாக்சி ஓட்டியவரின் பத்மினி உடைப்பு முற்றத்துக்குத்தான் போகும்.

ஹரியானாவின் தாவுருவிலும் கோயம்புத்தூரிலும் உள்ள வாகன அருங்காட்சியகங்கள் நல்ல பணி செய்கின்றன. மெருகேற்றிய வண்டிகள் அங்கே நிற்கின்றன. அங்கே நிற்காதது, கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோனால் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் கிளப்பத் தெரிந்த அறிவு. சிகரெட் அட்டைத் துண்டை அளவுகோலாக வைத்துப் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்த கை. ஓசையைக் கேட்டே கார்புரேட்டரைச் சீராக்கிய காது. இவற்றுள் பல எந்தக் கையேட்டிலும் ஏறாதவை. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், டெல்லியின் காஷ்மீரி கேட், சென்னையின் புதுப்பேட்டை ஆகிய இடங்களில் இதை அறிந்தவர்கள் முதுமையடைந்துகொண்டிருக்கிறார்கள். சிறு வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்களுள் பலர். ஆகவே அந்த அறிவின் வரலாறு சிறார் உழைப்பின் வரலாறாகவும் இருக்கும். அதை மறைத்து எழுதும் ஆய்வு மற்றுமோர் இரங்கற்குறிப்பாகவே முடியும். வாய்மொழி வரலாறு, உழைப்பு வரலாறு, மொழியியல் ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்ய வேண்டிய பொருள் இது. பட்டறைத் தமிழின் சொற்கள் மட்டுமே ஒரு தனி அகராதிக்குப் போதும். வங்காளத்திலும் மராத்தியிலும் உருதுவிலும் இதே கருவிகளுக்கு வழங்கும் சொற்களோடு அவற்றை ஒப்பிடுவது, பழகிய ஆய்வுத் தலைப்பைத் தேடி அலையும் முதுகலை மாணவர் ஒருவருக்கு இரண்டு ஆண்டு வேலை.